பின்பக்கத்துக்கு ஒரு முன்கதை

நம் ஊர்ச் சங்கப் புலவர்களிடம் காயத்தோடு போய் நின்றால், "வலிக்கிறதா?" என்று கேட்க மாட்டார்கள். "எங்கே பட்டது?" என்றுதான் கேட்பார்கள். மார்பு என்று சொன்னால் பாட்டு உண்டு, நடுகல் உண்டு, படையலும் கள்ளும் உண்டு. முதுகு என்று சொன்னால் புலவர் ஓலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். புறநானூற்றில் ஒரு தாய், மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொன்னதைக் கேட்டு, வாளை எடுத்துக்கொண்டு போர்க்களத்தில் பிணம் பிணமாகப் புரட்டிப் பார்க்கிறாள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் கதை இன்னும் மோசம். வேல் அவர் மார்பில் நுழைந்து முதுகில் எட்டிப் பார்த்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. நுழைந்தது முன்பக்கம்தான். ஆனாலும் முதுகில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டதே என்று நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிரை விட்டார். பக்கத்தில் ஒரே ஒரு போலீஸ் சர்ஜன் இருந்திருந்தால், "ஐயா, இது உள்ளே போன வாய், அது வெளியே வந்த வாய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மன்னரைச் சாப்பிட உட்கார வைத்திருப்பார்.

முதுகுக்கே இந்தக் கதி. முதுகுக்கும் ஒரு முழம் கீழே பட்டவனை நம் புறத்திணை எந்தத் துறையில் சேர்க்கும்? துறையே கிடையாது. அவனுக்குப் பட்டதை அவன் மனைவியும் நாட்டு வைத்தியரும் மட்டும் அறிவார்கள். ஊருக்கு அவன் சொன்னது: "இடுப்புல லேசா அடி."

கிரேக்கர்களுக்கு இந்த வெட்கம் இல்லை. ஹோமரின் இலியட்டில் மெரியோனீஸ் என்று ஒரு வீரர் வருகிறார். கிரீட் தீவுக்காரர், அந்தத் தீவின் மன்னர் இடோமெனியூஸின் வலதுகை. நல்ல வில்லாளி, நல்ல ஈட்டிக்காரர். ஒரே ஒரு பழக்கம்தான் கொஞ்சம் விசித்திரம். ஐந்தாம் காண்டத்தில் ஃபெரெக்ளஸ் என்பவரைத் துரத்திப் பிடித்து வலப் பிட்டத்தில் ஈட்டியைச் செருகுகிறார். ஈட்டி எலும்புக்கு அடியில் புகுந்து சிறுநீர்ப்பையைத் துளைத்து முன்னால் வருகிறது. ஆள் காலி. இந்த ஃபெரெக்ளஸ்தான் டிராய் இளவரசர் பாரிஸுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தவர். ஹெலனைத் தூக்கிக்கொண்டு வந்த கப்பல். பத்து வருஷப் போருக்கு வாகனம் செய்து கொடுத்த ஆசாரி, உட்காரும் இடத்தில் குத்துப்பட்டு முடிந்தார்.

சரி, ஒருமுறை கை தவறியிருக்கும் என்று விடலாம். பதின்மூன்றாம் காண்டத்தில் அதே மெரியோனீஸ், ஹார்ப்பாலியோன் என்ற இளைஞன் பின்வாங்கும்போது அம்பு விடுகிறார். எங்கே? வலப் பிட்டம். எலும்புக்கு அடியில், சிறுநீர்ப்பை வரை. இடப் பிட்டத்தின்மீது அந்த மனிதருக்கு என்ன மனஸ்தாபமோ தெரியாது.

செத்துப்போன ஹார்ப்பாலியோனைத் தேரில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். பின்னாலேயே தகப்பன் பிலேமெனீஸ் கண்ணீர் விட்டபடி நடக்கிறார். நெஞ்சை உருக்கும் காட்சிதான். சிக்கல் என்னவென்றால், அந்தத் தகப்பனை ஹெலனின் கணவர் மெனலாவஸ் ஐந்தாம் காண்டத்திலேயே கொன்றுவிட்டார். ஹோமரின் இந்தச் சறுக்கலை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பண்டிதர்கள் உருட்டிப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் உயிரோடிருக்கிறார், யார் செத்தார் என்ற கணக்கில் கோட்டை விட்ட கவிஞர், பிட்டத்தில் நுழைந்த முனை எந்தச் சந்து வழியாகப் போய் எதைக் கிழிக்கும் என்பதில் மட்டும் கோட்டை விடவில்லை. இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. சதை மெத்தைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொல்லைப்புறக் கதவு அது. அது வழியே நுழைந்தால் உள்ளே சிறுநீர்ப்பை, மலக்குடல், பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். இன்றைய அறுவை நிபுணர் ஹோமரின் அந்த வரிகளைப் படித்தால் கேஸ் ஷீட் படித்தது போலத் தலையாட்டுவார்.

நம் பக்கத்தில் பழைய அறுவை வைத்தியர் சுசுருதரும் இதைக் கவனித்திருக்கிறார். உடம்பில் தொட்டால் ஆபத்து என்று அவர் எண்ணி வைத்த மர்ம இடங்கள் 107. அதில் கடீகதருணம் என்று ஒன்று, முதுகெலும்பின் அடியில், இரு பக்கமும், இடுப்பெலும்பை ஒட்டி. அங்கே அடிபட்டால் ரத்தம் வற்றி, உடல் வெளுத்து, உருவம் மாறிச் சாவான் என்கிறார். உடனே அல்ல, நாள் கழித்து. இந்த 'நாள் கழித்து' என்பதை மனத்தில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் இதே நோயோடு வருவார்.

அதற்கு முன் வெர்சாய் அரண்மனையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வரலாற்றில் பின்பக்கப் புண்ணுக்கு மாலை மரியாதை கிடைத்தது அங்கே ஒரு முறைதான்.

பிரான்சின் பதினான்காம் லூயிக்கு 1686-இல் வந்தது போர்க்காயம் அல்ல, பவுத்திரம். நம் ஊர்ச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்குமே, அதே பவுத்திரம். சூரிய அரசர் என்று பட்டம் பெற்றவர் குதிரையில் உட்கார முடியாமல், நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்தார். ஒத்தடம் கொடுத்தார்கள், களிம்பு பூசினார்கள். கடைசியில் அறுவைதான் என்றானது. அரண்மனை சர்ஜன் ஃபெலிக்ஸ் இதற்கு முன் இந்த அறுவையைச் செய்ததில்லை. அரசரிடம் போய் 'முதல் முறை' என்று சொல்ல முடியுமா? பாரிஸின் ஏழைகளைக் கூட்டி வந்து அவர்கள்மேல் மாதக்கணக்கில் பழகினார். அரசரின் புண் ஆற வேண்டும் என்பதற்காக எத்தனை பேர் புண்பட்டார்கள் என்ற கணக்கு அரண்மனைப் பதிவேட்டில் இருக்காது, தேட வேண்டாம். வளைந்த புதுக் கத்தி ஒன்றையும் தானே வடிவமைத்தார். அந்தக் கத்தி இன்றும் பாரிஸ் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

1686 நவம்பர் 18 காலையில் அறுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். பல் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். மேல் தாடைப் பற்களில் பலவற்றை முந்தைய ஆண்டே மருத்துவர்கள் பிடுங்கி, கூடவே அண்ணத்தில் ஓட்டையும் போட்டிருந்தார்கள். பிழைத்தார். ஃபெலிக்ஸுக்குப் பெரும் பணமும் நிலமும் பட்டமும் கிடைத்தன.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அரசருக்கு வந்த நோய் நமக்கு வரவில்லையே என்று பிரபுக்களுக்கு ஏக்கம் வந்துவிட்டது. எனக்கும் அறுத்துவிடுங்கள் என்று முப்பது பேருக்கு மேல் வந்து நின்றதாக அக்கால சர்ஜன் தியோனிஸ் எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்றால் கோபித்துக்கொண்டார்களாம். சேரமான் முதுகில் ஓட்டை விழுந்ததற்காகச் செத்தார்; இவர்கள் ஓட்டை விழவில்லையே என்று சண்டை போட்டார்கள். புறப்புண் நாணம் என்பது எந்த அரசர் பக்கத்தில் உட்காருகிறார் என்பதைப் பொறுத்த விஷயம் போலிருக்கிறது.

அரசர் குணமானதற்கு நன்றி சொல்லி 1687 ஜனவரி 8 அன்று இசையமைப்பாளர் லுல்லி ஒரு பெரிய இசை வழிபாடு நடத்தினார். தாளம் தட்ட வைத்திருந்த கனத்த கோலைத் தன் கால் விரலிலேயே ஓங்கி இறக்கிக்கொண்டார். புண் அழுகியது. விரலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. மார்ச் 22-இல் இறந்தார். அரசரின் ஆசனத்துக்கு நன்றி சொல்லப் போய் உயிரை விட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது எடின்பரோ.

அங்கே ஜான் பெல் என்று ஒரு சர்ஜன், 1763-இல் பிறந்தவர். அந்த நகரத்திலேயே கத்தி பிடிப்பதில் முதல் ஆள். வாயும் கத்திக்குக் குறைந்ததல்ல. அதே ஊரில் பெஞ்சமின் பெல் என்று இன்னொரு பெரிய சர்ஜன். உறவு கிடையாது, பகை உண்டு. 1799-இல் ஜோனதன் டாப்ளக்கர் என்ற புனைபெயரில் யாரோ ஜான் பெல்லின் நூல்களைக் கிழித்து ஒரு பிரசுரம் போட்டார்கள். ஜான் பெல் என்ன செய்தார்? அதே டாப்ளக்கர் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு இரண்டாம் இதழ் போட்டார். அதில் கிழிபட்டவர் பெஞ்சமின் பெல். நம் ஊர் இலக்கியச் சண்டைக்காரர்களுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று எனக்கு நெடுநாள் வருத்தம். (பெஞ்சமின் பெல்லின் கொள்ளுப்பேரன் ஜோசஃப் பெல்லைப் பார்த்துத்தான் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தார். ஜான் பெல்லின் தம்பி சார்லஸ் பெயர்தான் 'பெல்ஸ் பால்ஸி' என்ற முகவாதத்துக்கு. ஆக ஊரெல்லாம் பெல்.)

இவர்களுக்கு மேல் ஜேம்ஸ் கிரிகோரி என்ற பேராசிரியர். பிரசவ மருத்துவப் பேராசிரியர் ஹாமில்டனைத் தடியால் அடித்துவிட்டு 100 பவுண்டு தண்டம் கட்டியவர். இன்னொரு தடவை அடிக்க விட்டால் இருமடங்கு தருவேன் என்று சொன்னதாகவும் கதை உண்டு. ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் சர்ஜன்கள் முறைவைத்து மாறி மாறி வந்து அறுப்பதை எதிர்த்து இவர் பெரிய விண்ணப்பம் எழுத, 1800-இல் நிர்வாகம் ஆறு சர்ஜன்கள் போதும் என்று முடிவு செய்தது. ஊரின் முதல் சர்ஜனான ஜான் பெல் அந்த ஆறில் இல்லை. வெளியே தள்ளிவிட்டார்கள். கிரிகோரியின் பெயர் பிற்காலத்தில் எதில் நிலைத்தது தெரியுமா? கிரிகோரி பவுடர். ருபார்ப் வேர், மக்னீசியா, இஞ்சி கலந்த பேதி மருந்து. இந்தக் கட்டுரையில் அவருக்கு இடம் கிடைக்க அது ஒன்றே போதும்.

ஜான் பெல்லிடம் வந்த நோயாளி அட்டை பிடிப்பவர். அக்காலத்தில் எந்த நோய்க்கும் ரத்தம் எடுப்பதுதான் வைத்தியம் என்பதால் அட்டைக்குக் கிராக்கி. சதுப்பில் காலை விட்டு நிற்க வேண்டும், அட்டை வந்து கடிக்கும், பிடுங்கிச் சாடியில் போட வேண்டும். தூண்டிலும் நானே, புழுவும் நானே என்ற தொழில். அதே காலத்தில், 1802-இல், கவிஞர் வேர்ட்ஸ்வர்த் ஒரு கிழட்டு அட்டைபிடியைப் பற்றிப் புகழ்பெற்ற கவிதை எழுதினார். அவரிடம் மன உறுதியைப் பார்த்தார். பெல் பார்த்த பக்கம் வேறு.

இந்த மனிதர் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ நீளமான கூர்க் கத்தரிக்கோலை வைத்திருந்தார். கால் தடுக்கி விழுந்தார். கத்தரி பிட்டத்தில் ஆழமாக இறங்கியது. வெளியே பார்த்தால் சின்ன ஓட்டை. ரத்தம் பீச்சியது, பிறகு நின்றது. பிழைத்தோம் என்று நினைத்திருப்பார். நாளாக நாளாக அந்தப் பக்கம் மட்டும் வீங்கிக்கொண்டே போனது. சுசுருதர் சொன்ன 'நாள் கழித்து' இதுதான். கத்தரி முனை குத்தியது பிட்டத் தமனியை. வெளியே கசிவது நின்றாலும் உள்ளே சதைக்கு நடுவில் ரத்தம் கொட்டிக் கொட்டிக் குடம் போல் திரண்டுகொண்டிருந்தது. பிறர் ரத்தத்தைக் குறைப்பதற்கு அட்டை பிடித்துக் கொடுத்தவரின் ரத்தம் அவர் தோலுக்குள்ளேயே கிடங்கு போட்டது.

இந்தத் தமனியிடம் சர்ஜன்களுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் காயத்துக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டலாம். பிட்டத்துக்கு மேலே எதைக் கட்டுவது, அரைஞாண் கயிற்றையா? போதாததற்கு இது இடுப்புக் கூட்டுக்குள்ளிருந்து அந்தக் கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியே வந்து உடனே கிளை பிரிகிறது. கதவு நிலையிலேயே வெட்டுப்பட்டால், அறுந்த நுனி ஆமைத் தலை போல உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதைப் பிடிக்கப் பின்பக்கத்திலிருந்து வழி கிடையாது. மேலே நாலு விரல் தடிமனுக்குச் சதை வேறு.

பெல் வீங்கிய பிட்டத்தைக் கீறினார். முதலில் எட்டு அங்குலம். கட்டியிருந்த ரத்தம் சரிய, புது ரத்தம் குபுகுபுவென்று வந்தது. கையை விட்டுத் தேடினார், தமனி கிடைக்கவில்லை. மேசைமேல் ஆள் வெளுத்துக்கொண்டே போகிறார். பெல் கத்தியை மறுபடி வைத்து ஒரே இழுப்பில் கீறலை நீட்டினார். எவ்வளவு? இரண்டு அடி என்று அவரே எழுதுகிறார்.

இரண்டு அடி. 24 அங்குலம். பள்ளிக்கூட அடிஸ்கேல் இரண்டை ஒட்டி வைத்தால் வருகிற நீளம். ஒரு மனிதப் பிட்டத்தில் இவ்வளவு மனை எங்கே இருக்கிறது? ரத்தம் கட்டி உப்பியதில் பரப்பு கூடியிருக்கலாம். இல்லை, தூண்டில்காரர் கை விரிப்பில் மீன் வளர்வது போல சர்ஜன் பேனாவில் கீறல் வளர்ந்திருக்கலாம். எனக்கு இரண்டாவதன்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் பெல் மேல் கோபம் இல்லை. ஊரே ஒதுக்கி வைத்த மனிதர் 1801-இல் வெளிவந்த தன் நூலில் அரை அடி கூட்டி எழுதினால் குற்றமா?

அவ்வளவு பெரிய பள்ளத்தில் விரலுக்கு அடியில் தமனி துடித்தது. ஊசியில் நூல் கோத்துச் சுற்றிக் கட்டினார். ரத்தம் நின்றது. பிணம் போலத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டார்கள். அட்டைபிடி சாகவில்லை. பல மாதம் குப்புறக் கிடந்து எழுந்தார். மயக்க மருந்து இல்லாத காலம், புண் அழுகக் கிருமி காரணம் என்று தெரியாத காலம், கை கழுவுவது சாப்பிட்ட பிறகு மட்டும் செய்கிற வேலையாக இருந்த காலம். அதில் அவர் எழுந்தது பெல்லின் திறமையா, அவர் உடம்பின் பிடிவாதமா என்று கேட்டால், வேர்ட்ஸ்வர்த் பார்த்ததும் அங்கே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்பக்கம் தோண்டுவதைவிட முன்பக்கமாகப் போய்க் குழாயின் மெயின் வால்வையே மூடினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது 1812-இல். கரீபியன் தீவான சாந்தா குரூஸில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற மருத்துவர், மாயிலா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு, டிசம்பர் 27 அன்று, வயிற்றின் ஓரமாகக் கீறி உள்ளே போய் இடுப்பின் உள் தமனியையே நூலால் கட்டினார். பிட்டத்தில் இருந்த தமனி வீக்கம் வற்றியது. உலகத்தில் அந்தத் தமனியைக் கட்டியது அதுவே முதல் முறை. மாயிலா அடிமைப்பட்டவர். சம்மதம் கேட்டார்களா என்று கேட்பதே அந்தத் தீவில் அசட்டுக் கேள்வியாக இருந்திருக்கும். அவர் சுமார் பத்து ஆண்டு வாழ்ந்தார். இறந்த பிறகு அவர் உடலின் அந்தப் பகுதியை லண்டனுக்கு அனுப்பி, கட்டு சரியாகத்தான் விழுந்ததா என்று சரிபார்த்தார்கள். லூயியின் பக்கம் கத்தி பெட்டிக்குள் போனது. மாயிலாவின் பக்கம் அவரே போனார்.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடிக்கிறது. 1846-இல் ஈதர் மயக்கம். இரண்டாம் உலகப் போரில், குண்டு பெருங்குடலைக் கிழித்திருந்தால் அதை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட வேண்டும் என்று 1943-இல் அமெரிக்க ராணுவ மருத்துவத் தலைமை உத்தரவே போட்டது. அப்புறம் பெனிசிலின். மாட்ரிட் நகரின் காளைச் சண்டை மைதானத்துக்கு வெளியே அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எதிரே ஒரு காளைச் சண்டை வீரர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். காளை எந்தப் பக்கத்தில் குத்தும் என்று வாடிவாசல் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்குப் பிட்டத்தில் கத்திக் குத்தோ தோட்டாவோ பட்டு வந்தால், டியூட்டி டாக்டர் முதலில் மனத்துக்குள் ஒரு கோடு போடுவார். தொடையெலும்பின் மேல்முனையில் வெளியே துருத்தும் முடிச்சு இரண்டையும் சேர்க்கும் கோடு. காயம் அதற்குக் கீழே என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். மேலே என்றால் மெரியோனீஸ் பாதை. ஆசனவாயில் விரல் விட்டு ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார், சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார், ஸ்கேனுக்கு அனுப்புவார். வெளியே ஒரு தையல் போட்டு அனுப்பிவிடலாம் போலத் தெரிகிற ஓட்டைதான் அவருக்கு அதிகப் பயம்.

பிட்டத் தமனி கசிந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். தொடை இடுக்குத் தமனியில் ஊசி குத்தி, நூல் போன்ற குழாயை விட்டு, திரையில் பார்த்தபடியே கசியும் இடம் வரை கொண்டுபோய், சுருள் கம்பியைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பெல் இரண்டடி தோண்டித் தேடியதை இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை வழியாக. நோயாளி விழித்துக்கொண்டே பார்க்கலாம். மறுநாள் ஒட்டியிருக்கும் சின்னப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா டாக்டர்? வீட்டுல கேப்பாங்க, கொஞ்சம் பெரிய கட்டா போட்டு விடுங்களேன்" என்று கேட்கலாம். எங்கே கட்டுப் போடச் சொல்கிறீர்கள் என்றால் மட்டும், "இடுப்புல" என்பார்.